ஸ்லாஷுக்குப் பின் விழுந்த ஸ்பேஸ்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, ஆடி மாதத் திருவிழா நோட்டீஸ், கடைகளுக்கு ரசீது புத்தகம் என்று 11 வருட வேலை ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். பத்திரிகை வரைய இங்க்ஸ்கேப், புத்தக வேலைக்கு ஸ்கிரைபஸ். கூட ஒரு தம்பி வேலை பார்க்கிறான். சொந்தத் தம்பி இல்லை, ஆனால் வீட்டுப் பிள்ளை மாதிரி.

போன வருடம் அக்னி நட்சத்திரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) புகைந்தது, மதர்போர்டும் அதோடு சேர்ந்து போனது. நல்ல காலம், ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. அதைக் கழற்றி யுஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டோம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, தம்பியே உட்கார்ந்து உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவினான். முதல் கணக்கை அவன் பெயரில் திறந்துவிட்டு, எனக்கு இரண்டாவதாக ஒரு கணக்கு திறந்தான். அந்த வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். சென்னை சைதாப்பேட்டை இல்லை, எங்கள் வேலூர் சைதாப்பேட்டை. மூத்த மகள் நிக்காஹ் பத்திரிகையை நாங்கள்தான் போட்டிருந்தோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் உருது. இப்போது சின்னவளுக்கும் அதே மாதிரி வேண்டும், பெயரும் தேதியும் மண்டபமும் மட்டும் மாற்றினால் போதும் என்றார். தம்பி பழைய டிஸ்கிலிருந்து ஃபைலைத் திறந்தான். திறந்தது. பெயரை மாற்றினான். சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வந்தது.

நான் அந்த நேரம் காட்பாடி ஸ்டேஷனில், சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். பேப்பர் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போகிற நாள். தம்பி போன் செய்தான். "அண்ணா, ஃபைல் தொறக்குது, சேவ் ஆக மாட்டேங்குது. பாய் எதிர்லயே உக்காந்துகினு இருக்காரு."

அவசரத்தில் நான் சொன்னது இதுதான்: டெர்மினலைத் திற, சூடோ, ஸ்பேஸ், சிஎச்மோட், ஸ்பேஸ், மைனஸ் பெரிய ஆர், ஸ்பேஸ், 777, ஸ்பேஸ், ஸ்லாஷ்... அந்த இடத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மூன்று மொழியிலும் சொல்லி முடிக்கும் வரை நிறுத்தினேன். முடிந்ததும் "மீடியா, ஸ்லாஷ், உன் பேரு, ஸ்லாஷ், டிஸ்க் பேரு" என்று மிச்சத்தைச் சொன்னேன். நான் விட்ட இடைவெளியை அவன் ஸ்பேஸாகப் போட்டுவிட்டான். அதுவரை ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்பேஸ் சொல்லிக்கொண்டே வந்தவன் நான். அவன் அப்படி எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை.

"ஏதோ ஓடிகினே இருக்குதுண்ணா" என்றான். 11 வருட ஃபைல், நேரம் எடுக்கும், ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

சூடோ என்றால் ரூட் என்ற தலைமைக் கணக்கின் அதிகாரத்தில் ஓட்டு, சிஎச்மோட் என்றால் அனுமதியை மாற்று, பெரிய ஆர் என்றால் ரெகர்சிவாக, அதாவது உள்ளே இருப்பது அத்தனைக்கும், 777 என்றால் எல்லாருக்கும் எல்லா அனுமதியும். ஸ்லாஷுக்குப் பின் ஸ்பேஸ் விழுந்தால் அந்தக் கட்டளைக்கு இரண்டு இலக்குகள். ஒன்று வெறும் ஸ்லாஷ், அதாவது கம்ப்யூட்டர் முழுக்க. இன்னொன்று மீடியா என்று தொடங்கும் ஏதோ ஒரு ஃபோல்டர், அது இல்லவே இல்லை. முழுக் கம்ப்யூட்டருக்கும் 777 போட்டால் அதற்குள் மாட்டியிருக்கும் யுஎஸ்பி டிஸ்குக்கும் சேர்த்தே போகும். அதனால் தம்பி பார்த்தவரை வேலை நடந்துவிட்டது. பத்திரிகை சேமிக்க வந்தது. அவன் சந்தோஷமாக எனக்குச் செய்தி அனுப்பினான். நானும் வாலாஜா தாண்டும்போது அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

முதலில் மாட்டியது பிரிண்டர். பாய்க்குக் காட்ட ஒரு நகல் எடுக்கலாம் என்றால் அச்சு போகவில்லை. லினக்ஸில் அச்சுக்கு அனுப்புகிற வேலை கப்ஸ் என்ற நிரலுடையது. அது தன் துணை நிரல்களை ஓட்டும் முன் அவற்றின் அனுமதியைப் பார்க்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில் ஒரு துணை நிரல் இருந்தால், பாதுகாப்பில்லை என்று ஓட்ட மறுத்துவிடும். அது சரியான காரியம்தான். தம்பி கப்ஸை நிறுத்தித் திரும்ப ஓட்டப் பார்த்தான். அதற்கு சூடோ வேண்டும். சூடோ அவனிடம், என் உரிமையாளர் எண் 0 ஆகவும் என்மேல் செட்யூஐடி பிட்டும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

நான் ஆண்டர்சன் தெருவில் ஆர்ட் பேப்பர் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். கட்டளை வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த ஸ்பேஸ் தெரிந்தது. ஸ்லாஷுக்கும் மீடியாவுக்கும் நடுவில், ஒரு எழுத்து அகலம். வயிறு கலங்கிவிட்டது. கடைக்காரர் இரண்டு தடவை விலை சொல்லியும் எனக்குக் காதில் விழவில்லை.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு, அதை மட்டும் அன்று சரியாகச் சொன்னேன்: கம்ப்யூட்டரை அணைக்காதே, இன்னொரு கட்டளையும் அடிக்காதே. பாயின் பத்திரிகையை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் பக்கத்துக் கடை அண்ணனுக்கு அனுப்பு, அங்கே அச்செடுத்துக் காட்டு. பாயின் வேலை அப்படியே நடந்தது. மற்றதை ராத்திரி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

777 ஏன் மருந்து இல்லை என்பதை அனுமதி எண்ணின் கணக்கிலிருந்தே சொல்லிவிடுகிறேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கமும் மூன்று பேருக்கு: உரிமையாளர், குழு, மற்ற எல்லாரும். 644 என்றால் உரிமையாளர் படித்து எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். 777 என்றால் எல்லாரும் எல்லாம் செய்யலாம். எல்லாருக்கும் திறந்துவிட்டால் வேலை சுலபம் என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஆனால் மூன்று இலக்கத்துக்கு முன்னால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. சூடோவின் சரியான எண் 4755. அந்த 4தான் செட்யூஐடி: யார் ஓட்டினாலும் நிரல் அதன் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தில் ஓடும். 777 என்று போட்ட கணத்தில் அந்த 4 அழிந்துவிடும். தற்காலிக ஃபைல்களை எல்லாரும் வைக்கும் டெம்ப் ஃபோல்டருக்கு 1777. அந்த 1 இருப்பதால்தான் அங்கே ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிக்க முடியாது. சூடோவை யார் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் சூடோவர்ஸ் ஃபைல் 440ல் இருக்க வேண்டும், எல்லாரும் எழுதலாம் என்று கண்டால் சூடோ அதை நம்பாது. வேறு கம்ப்யூட்டருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவி 600, அதன் ஃபோல்டர் 700; சாவியை மற்றவர் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடாது. இப்படிக் கம்ப்யூட்டரின் பாதி ஒழுங்கு "யாருக்கு முடியாது" என்பதில்தான் இருக்கிறது. 777 அதைத்தான் துடைத்து எடுக்கிறது.

ராத்திரி பத்தரைக்குக் கடை ஷட்டரைத் தூக்கினேன். முதலில் ரிப்பேர் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட்டி, ஆரம்பத்தில் வரும் கிரப் பட்டியலில் ரெகவரி மோட் எடுத்து, அங்கே ரூட் டெர்மினலுக்குள் போனேன். அங்கே டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கலாம். டிஸ்கை இணைக்கும் மவுன்ட் கட்டளையில் ரீமவுன்ட், ஆர்டபிள்யூ (படிக்கவும் எழுதவும்) என்று சொல்லித் திருப்பினால்தான் எதையும் மாற்ற முடியும். சூடோவுக்கு 4755, அதன் துணை நிரலான சூடோவர்ஸ் டாட் எஸ்ஓவுக்கு 644, சூடோவர்ஸுக்கு 440, பாஸ்வேர்டு இருக்கும் ஷேடோ ஃபைலுக்கு 640 போட்டேன். சூடோ உயிர் பெற்றது. ஒரு நிமிஷம் ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் சரிசெய்தது நான்கு ஃபைல். கெட்டுப்போனது லட்சக்கணக்கில். ஃபெடோரா, ரெட் ஹாட் வகையறாவில் நிரல்களை நிறுவும் ஆர்பிஎம் என்ற கருவி ஒவ்வொரு ஃபைலுக்கும் என்ன அனுமதி என்று குறித்து வைத்திருக்கும். செட்பெர்ம்ஸ் என்று சொன்னால் தொகுப்புகளுடைய ஃபைல்களுக்கு அதைத் திருப்பிப் போட்டுவிடும். உபுண்டு, டெபியன் பக்கம் அப்படி ஒரே அடியில் திருப்புகிற வசதி இல்லை. தொகுப்பு தொகுப்பாக மறுபடி நிறுவலாம், ஆனால் நாமாக உருவாக்கிய, நிரல்கள் ஓடும்போது உருவான ஃபைல்கள் அதில் சேராது. எங்கே ஓட்டை மிச்சம் இருக்கிறது என்று தெரியாத கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் ஃபைலை வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. சிஸ்டம் முழுக்க ரெகர்சிவாக மாற்றிவிட்டால் மறுபடி நிறுவுவதுதான் வழி. அவரவர் சொந்த ஃபைல் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் மட்டும் என்றால் ரிப்பேர் போதும். இந்த எல்லைக்கோட்டை நான் அன்றிலிருந்து மாற்றவில்லை.

உபுண்டு பென் டிரைவிலிருந்து ஓட்டி, ஹோமில் இருந்ததை எல்லாம் சிபி மைனஸ் ஏ போட்டு வேறு டிஸ்குக்கு நகலெடுத்தேன். மைனஸ் ஏ இருந்தால் உரிமையாளர் எண், தேதி எல்லாம் அப்படியே வரும். அப்புறம் புதிதாக நிறுவினேன்.

பென் டிரைவிலிருந்து ஓட்டுவதற்குச் சற்று முன்தான் மத்தியானமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். தம்பிக்கு அவனே செய்த பத்திரிகையில் எழுத ஏன் அனுமதி இல்லை? பழைய டிஸ்கில் போய், ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையை மைனஸ் எல் சேர்த்து அடித்தேன். தம்பி செய்த ஃபைல்களுக்கெல்லாம் உரிமையாளர் என்று என் பெயர். நான் செய்ததற்கெல்லாம் அவன் பெயர். மைனஸ் எல்லுக்குப் பதில் மைனஸ் எல்என் அடித்ததும் விளங்கிவிட்டது. பெயருக்குப் பதில் எண் வந்தது: 1000, 1001.

டிஸ்கில் பெயர் எழுதியிருப்பதில்லை, எண்தான் இருக்கிறது. உபுண்டுவில் முதலில் திறக்கும் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. பழைய கம்ப்யூட்டரில் நான் 1000, தம்பி 1001. புதியதில் அவன் முதலில் தன் கணக்கைத் திறந்ததால் அவன் 1000, நான் 1001. டிஸ்க் அதே எண்ணோடு வந்தது, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் மாறிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். தம்பி தன் சொந்த ஃபைலில் மூன்றாம் மனிதனாக நின்றிருக்கிறான். படிக்கலாம், எழுத முடியாது. இதற்கு 777 தேவையே இல்லை. அந்த ஃபைலை அவன் ஹோமில் நகலெடுத்திருந்தால் நகல் அவனுடையதாகப் பிறந்திருக்கும், பாயின் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சில சமயம் அந்த எண்ணுக்கு இந்தக் கம்ப்யூட்டரில் ஆளே இருக்காது. அப்போது எல்எஸ் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்ணைக் காட்டும். எங்கள் ஊரைப் பற்றி "தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை" என்று சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி ராஜா இல்லாத ஃபைல்கள். ஃபைல் தேடும் ஃபைண்ட் கட்டளையில் மைனஸ் நோயூசர் என்று போட்டால் அவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க் வந்தால் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான்.

மறுபடி நிறுவும்போது என் கணக்கை முதலிலும் தம்பியுடையதை இரண்டாவதும் திறந்தேன். பழைய டிஸ்கின் உரிமை தானாகவே நேராகிவிட்டது. ஆனால் இரண்டு வாரமாகப் புதுக் கம்ப்யூட்டரில் செய்த வேலை தலைகீழாக இருந்தது. அவரவர் ஹோமுக்கு, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை மைனஸ் பெரிய ஆரோடு போட்டால் போதும். இரண்டு பேர் ஃபைலும் கலந்து கிடந்த பொது ஃபோல்டரில்தான் நிதானம் வேண்டியிருந்தது. 1000ஐ 1001 ஆக்கிவிட்டால் பழைய 1001 எது, புது 1001 எது என்று பிரிக்க முடியாது. இரண்டு டம்ளரில் இருக்கும் காப்பியையும் பாலையும் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும். சிஎச்ஓனில் ஃப்ரம் என்ற தெரிவு இருக்கிறது, இந்த உரிமையாளருடையதை மட்டும் மாற்று என்று சொல்ல. 1000த்தை முதலில் 5000க்கு மாற்றினேன், பிறகு 1001ஐ 1000க்கு, கடைசியில் 5000த்தை 1001க்கு. யாருக்கும் சொந்தமில்லாத எண்ணாக இருந்தால் நடு எண் எதுவானாலும் சரி.

அடுத்து 777 ஆகிவிட்ட பழைய டிஸ்க். இதில் நிறைய பேர் இரண்டாவது பள்ளத்தில் விழுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபைல் எல்லாம் 644 ஆக இருக்க வேண்டும் என்று தெரிந்தவுடன் கை தானாக சிஎச்மோட் மைனஸ் பெரிய ஆர் 644 என்று அடிக்கப் போகும். அடித்தால் ஃபோல்டர்களும் 644 ஆகிவிடும். ஃபோல்டரில் இயக்கும் அனுமதி இல்லை என்றால் உள்ளே நுழைய முடியாது.

ஃபைலிலும் ஃபோல்டரிலும் அந்த மூன்று அனுமதிக்கும் வேறு வேறு அர்த்தம். ஃபோல்டரில் படிக்கும் அனுமதி என்றால் உள்ளே இருக்கிறவற்றின் பெயர்களைப் பார்க்கலாம். இயக்கும் அனுமதி என்றால் வாசல்படி தாண்டி உள்ளே போகலாம். எழுதும் அனுமதி என்றால் உள்ளே புதிதாக ஒன்றை வைக்கலாம், இருப்பதை எடுத்து எறியலாம். கடைசியாகச் சொன்னது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலில் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் முடிந்தால் போதும் (டெம்ப் மாதிரி முன்னால் 1 உள்ள ஃபோல்டர் மட்டும் விலக்கு). ஃபைலை மட்டும் 444 என்று பூட்டிவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன் நான். ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்திருந்தால் அந்தப் பூட்டினால் பிரயோஜனம் இல்லை.

அதனால் ஃபோல்டரையும் ஃபைலையும் தனித்தனியாக நடத்த வேண்டும். முதலில் சிடி போட்டு அந்த டிஸ்குக்குள் நின்றுகொண்டேன். பிடபிள்யூடி அடித்து எங்கே நிற்கிறேன் என்று கண்ணால் பார்த்தேன். ஃபைண்ட், புள்ளி, மைனஸ் டைப் டி என்றால் இங்கிருந்து கீழே உள்ள ஃபோல்டர்கள் மட்டும். அதோடு மைனஸ் எக்ஸெக் சேர்த்து சிஎச்மோட் 755. அடுத்த முறை மைனஸ் டைப் எஃப் என்று ஃபைல்கள் மட்டும், 644. எக்ஸெக் சேர்க்கும் முன் ஃபைண்டை வெறுமனே ஓட்டி, என்னென்ன பட்டியல் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் நமக்குத் தெரியாத ஒரு பெயர் வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டிய ஸ்கிரிப்டுகள் ஏழெட்டு இருந்தன, அவற்றுக்கு மட்டும் பின்னால் இயக்கும் அனுமதியைக் கையால் கொடுத்தேன்.

பெரிய எழுத்து எக்ஸ் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. சிஎச்மோடில், இயக்கும் அனுமதியைக் குறிக்கும் சின்ன எக்ஸுக்குப் பதில் பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே இயக்கும் அனுமதி உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் அது போகும். சாதாரண நேரத்தில் அருமையான வசதி. ஆனால் எல்லாம் 777 ஆன இடத்தில் எல்லா ஃபைலுக்குமே இயக்கும் அனுமதி இருக்கிறதே! அப்படியே தங்கிவிடும். அந்த நிலையில் ஃபைண்ட் வழிதான் சுத்தம்.

இன்னொரு பொறி: மறைந்திருக்கும் ஃபைல்களுக்கு மட்டும் என்று புள்ளி, நட்சத்திரம் போட்டு ரெகர்சிவாக ஓட்டுவது. டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் நிரலின் 5.2க்கு முந்திய பதிப்புகளில் புள்ளி நட்சத்திரம் என்பதில் இரட்டைப் புள்ளியும் பொருந்தும். இரட்டைப் புள்ளி என்றால் மேல் ஃபோல்டர். ஹோமுக்குள் நின்று கீழே போகச் சொன்ன கட்டளை மேலே ஏறி அடுத்தவர் ஹோமுக்குள்ளும் போய்விடும்.

ஆர்எம் கட்டளை வெறும் ஸ்லாஷை ரெகர்சிவாக அழிக்கச் சொன்னால் தானாகவே மறுக்கும். சிஎச்மோடும் சிஎச்ஓனும் அப்படி மறுக்காது. பிரிசர்வ் ரூட் என்ற தெரிவை நாமே சேர்த்தால்தான் நிற்கும். எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் அந்தத் தெரிவோடு அலியாஸ், அதாவது மாற்றுப் பெயர், போட்டு வைத்திருக்கிறேன். வெறும் அலியாஸ் போட்டால் சூடோ சேர்த்து அடிக்கும்போது அது வேலை செய்யாது. சூடோவுக்கும் ஒரு அலியாஸ், அதன் முடிவில் ஒரு ஸ்பேஸ் விட்டுப் போட வேண்டும். அன்று கெடுத்ததும் ஒரு ஸ்பேஸ், இங்கே காப்பதும் ஒரு ஸ்பேஸ் என்று தம்பி சொன்னான்.

இப்போது அனுமதியில் கை வைக்கும் முன் ஒரு நகல் எடுக்காமல் எதுவும் செய்வதில்லை. ஃபைலின் நகல் இல்லை, அனுமதியின் நகல். கெட்எஃப்ஏசிஎல் மைனஸ் பெரிய ஆர் என்று ஓட்டி அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், குழு, அனுமதி எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஏதாவது தப்பாகப் போனால் செட்எஃப்ஏசிஎல், ரெஸ்டோர் என்று ரூட்டாக ஓட்டினால் பழையபடி திரும்பும். எந்த ஃபோல்டரில் நின்று எடுத்தோமோ அதே இடத்தில் நின்றுதான் திருப்ப வேண்டும், அதை அந்த ஃபைலின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் ஹோமுக்கும், சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டருக்கும் வாரம் ஒரு முறை எடுத்துப் பென் டிரைவில் வைக்கிறோம். சின்ன ஃபைல்தான். அன்று கம்ப்யூட்டர் முழுவதற்கும் இப்படி ஒரு நகல் என்னிடம் இருந்திருந்தால் ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பாகாயத்தில் ஒரு ஆசிரியை, மின்ட் என்ற லினக்ஸ் வகை வைத்திருக்கிறார். பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன் சார், ஒரு நொடி கறுப்பாகி மறுபடி லாகினுக்கே வருகிறது என்றார். டிஸ்க் நிறைந்து போனாலும் இப்படி ஆகும், அதனால் முதலில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் பார்க்க வேண்டும். இடம் இருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் உள்ளே நுழைந்தோம். எல்எஸ் மைனஸ் எல்ஏ அடித்தால், எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைந்த ஃபைலுக்கு உரிமையாளர் ரூட். எப்போதோ ஒரு படவழி நிரலை சூடோ போட்டுத் திறந்திருக்கிறார். அது ஹோமுக்குள் ரூட் பெயரில் ஃபைலை எழுதிவிட்டது. அந்த ஒரு ஃபைலை அவர் பெயருக்கு சிஎச்ஓன் செய்ததும் லாகின் ஆனது. ஹோமில் ரூட்டுக்குச் சொந்தமானவை வேறு என்னென்ன என்று ஃபைண்ட், மைனஸ் யூசர் ரூட் போட்டுப் பார்த்து மிச்சத்தையும் மாற்றிவிட்டோம். அனுமதி எண்ணைத் தொடவே இல்லை. என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான்: கெட்டிருப்பது அனுமதி இல்லை, உரிமை.

ஃபைலின் உரிமையும் அனுமதியும் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் நேம்ஐ மைனஸ் எல் போட்டு முழுப் பாதையையும் கொடுங்கள். ஸ்லாஷிலிருந்து ஃபைல் வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். நடுவில் ஏதோ ஒரு படியில் இயக்கும் அனுமதி இருக்காது. உபுண்டு 21.04 முதல் புதிதாகத் திறக்கும் ஹோம் ஃபோல்டர்கள் 755 இல்லை, 750. அடுத்தவர் ஹோமில் இருப்பதை முன்பு போலப் படிக்க முடியாததற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட் வகையில் இருக்கும். அதில் யூனிக்ஸ் அனுமதிகளை எழுத இடமே கிடையாது, சிஎச்மோட் அடித்துக்கொண்டே இருந்தாலும் மாறாது. மவுன்ட் செய்யும்போதுதான் யாருக்கு என்று சொல்ல வேண்டும். விண்டோஸ்காரர்களுக்கும் டிஸ்க் இடம் மாறும்போது இதே கதைதான். உரிமையாளர் இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் தெரியும். டேக்ஓன் என்ற கட்டளையால் உரிமையை எடுத்து, ஐகேக்ல்ஸ் ரீசெட் போட்டால் மேல் ஃபோல்டரின் அனுமதி கீழே இறங்கும். குடியாத்தத்தில் ஒரு கணக்காளருக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். சி டிரைவின் உச்சியில் நின்று மட்டும் இதை ஓட்டாதீர்கள். மேக் வைத்திருப்பவர்கள் பழைய ரிப்பேர் பர்மிஷன்ஸ் பட்டனைத் தேட வேண்டாம், 2015இல் எல் கேப்பிடன் வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் கடையில் இரண்டு பேரும் ஒரே பத்திரிகையில் கை வைக்க வேண்டும் என்பதுதான் அடிப்படைத் தேவை. அதற்கு ஒழுங்கான வழி குழு. கடை என்று ஒரு குழு உருவாக்கி இருவரையும் சேர்த்தேன். ஆளைக் குழுவில் சேர்க்கும் யூசர்மோட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டால் ஏற்கெனவே இருந்த குழுக்களிலிருந்தெல்லாம் ஆளை நீக்கிவிடும், சூடோ குழு உட்பட. முன்னால் ஒரு சின்ன ஏ கட்டாயம் வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் குழு பிடிக்கும். பொது ஃபோல்டருக்குக் குழுவைக் கடை என்று மாற்றி 2775 போட்டேன். முதல் 2 இருப்பதால் அதற்குள் யார் எதை உருவாக்கினாலும் அதன் குழு கடை என்றே பிறக்கும். குழுவுக்கு எழுதும் அனுமதியும் தவறாமல் வர, செட்எஃப்ஏசிஎல்லில் டீஃபால்ட் விதி ஒன்றையும் சேர்த்தேன். அன்றிலிருந்து சேமிக்க முடியவில்லை என்ற பேச்சு அந்த ஃபோல்டரில் இல்லை.

சின்னவள் பத்திரிகை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. பாய் மூத்தவளுடையதையும் கொண்டுவந்து இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருதுப் பக்கத்தின் ஓர பூவேலையை விரலால் ஓட்டிப் பார்த்தார். ஒரே மாதிரி இருக்கிறது என்றார்.

போன வாரம் நான் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தபோது தம்பி போன் செய்தான். பழைய டிஸ்கில் ஒரு கோயில் நோட்டீஸ் சேமிக்க வரவில்லையாம். நான் வாயைத் திறக்கும் முன் அவனே சொன்னான்: "எல்எஸ் மைனஸ் எல்என் பாத்துட்டேண்ணா. ஃபைல் 1001, அது நான்தான். ஆனா ஃபோல்டர் 1000, 755. புதுசா உள்ள எதுவும் வெக்க முடியல, அதான்."

"சரி, இன்னா பண்ணலாம்னு நெனைக்கிற?"

"ஃபோல்டர்ல கை வெக்கல. பொது ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்துகினேன். வேலை ஓடினு இருக்குது. நீ சாப்ட்டுட்டு வாண்ணா."